பீரோ ஒழிக்கும் வேலை: வீட்டில் யாருக்கு எந்த வழி ஒத்துவரும்?

எங்கள் வீட்டில் இரண்டு ஸ்டீல் பீரோ, சுவரோடு சேர்ந்த ஓர் அலமாரி, படுக்கையறைக்கு மேலே ஒரு லாஃப்ட். குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு, ஐந்து பேர் இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மாமியாரின் பீரோக் கதவைச் சாத்த முடியாமல் போனது. நைலான் கயிற்றால் கைப்பிடியை இழுத்துக் கட்டி வைத்தோம். நான்கு மாதம் அந்தக் கயிறு அப்படியே கிடந்தது.

என் துணியை ஒழிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மற்ற நான்கு பேரின் துணியும் சாமானும்தான் பெரிய வேலை. மாமியாருக்கு 71 வயது. மகளுக்கு 13, மகனுக்கு 7. கணவரிடம் துணியைவிட ஒயரும் அட்டைப்பெட்டியும் அதிகம். நால்வருக்கும் ஒரே வழி சரிவராது என்று எனக்குப் புரிவதற்குள் இரண்டு போகி வந்து போய்விட்டது. எந்த வழி யாரிடம் பலித்தது, எது காரியத்தைக் கெடுத்தது என்று எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அலைச்சலாவது குறையட்டும்.

பள்ளிக்கூடம் போன நேரத்தில் எடுத்துவிடுவது

நான் முதலில் செய்தது இதைத்தான். பிள்ளைகள் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, சின்னதாகிப்போனது, சாயம் போனது, வார் அறுந்த பை என்று எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையில் மூட்டை கட்டினேன். இரண்டு மணி நேரத்தில் அலமாரி பளிச்சென்று ஆகிவிட்டது. வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் இதை அடித்துக்கொள்ள வேறு வழி கிடையாது.

மகனிடம் மஞ்சள் நிறத்தில் ஜேசிபி படம் போட்ட ஒரு பனியன் இருந்தது. கையைத் தூக்கினால் வயிறு தெரியும், கழுத்து தொங்கிவிட்டது. அதைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டேன். பத்து நாள் அவன் தேடவே இல்லை. அதற்கடுத்த நாள் பால்கனியில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே குனிந்து பார்த்தான். பக்கெட்டில் சுருண்டு கிடந்த துணியின் மடிப்பில் ஜேசிபியின் ஒரு சக்கரம் பாதி தெரிந்தது. அவன் அழவில்லை. துணியை எடுத்துப் பிழிந்து, எட்டி எட்டிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒளிக்க ஆரம்பித்தான். தலையணை உறைக்குள் இரண்டு சட்டை, ஸ்கூல் பைக்குள் சக்கரமில்லாத கார், கட்டிலுக்கடியில் பிஸ்கட் டப்பா நிறையப் பேனா மூடி. "அம்மா, இது வேணும், எடுத்துடாத" என்று தினமும் காலையில் சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறுவான். அலமாரியில் கிடைத்த இடம் எவ்வளவு என்று பார்த்தால் ஒரு தட்டுதான். அவனுக்கு என்மேல் மறுபடி நம்பிக்கை வர ஒரு வருடம் ஆனது.

மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு இந்த வழி பரவாயில்லை. காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனா, கிழிந்த சாக்ஸ் போன்ற குப்பைக்கும் பரவாயில்லை. 'இது என்னுடையது' என்று சொல்லத் தெரிந்த பிறகு வேண்டாம். பெரியவர்களின் பொருளில் ஒருநாளும் வேண்டாம். அவர்கள் தேடும்போது நாம் பொய் சொல்ல வேண்டி வரும்.

போகிக்கு எல்லோரும் சேர்ந்து உட்காருவது

போகியைப் போல நல்ல கெடு தேதி நமக்குக் கிடையாது. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஏன் ஒழிக்க வேண்டும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லாஃப்டிலிருந்து சாமான் எப்படியும் கீழே இறங்கும். பாய், தலையணை, விரிசல் விட்ட பக்கெட், மூடி தொலைந்த டப்பா, பழைய செய்தித்தாள் என்று வீட்டுக்குப் பொதுவான பொருள்களுக்கு இந்த நாள் கச்சிதம்.

அவரவர் துணிக்கு இது சரிப்படவில்லை. ஒன்று, மதியத்துக்குள் எல்லோரும் களைத்துவிடுகிறோம். "இதை அப்புறம் பார்த்துக்கலாம், மேல வை" என்ற குரல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். இறங்கினதில் பாதி மறுபடி லாஃப்டுக்கே போய்விடும். இன்னொன்று, மகள். அப்பா, பாட்டி, தம்பி எல்லோரும் பார்க்க அவளுடைய பழைய துணியை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "இது பத்துமா?" என்று நான் கேட்டது தப்பு. வளர்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

எரிக்கிற வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். 2018 போகியன்று காலையில் புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாகி, சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. எதிர் வீடே தெரியவில்லை. இப்போது வருகிற துணியில் பெரும்பாலானது பாலியஸ்டர் கலந்தது. அது எரிந்தால் உருகி, பிளாஸ்டிக் எரிகிற அதே நாற்றம் வரும். நாங்கள் எரிப்பதை நிறுத்திவிட்டோம். போகிக்கு முன்பாகப் பழைய துணி, டயர் போன்றவற்றை மாநகராட்சி ஆட்களே வாங்கிக்கொள்கிறார்கள், அவர்களிடம் கொடுத்துவிடுகிறோம்.

வீடு மாறப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த ஒரே நாள் வழியை முதலாவதாகச் சொல்வேன். லாரி வரும் தேதி தெரிந்தால் எந்த வீட்டிலும் கை வேகமாக ஓடும்.

ஒரே வகையைக் குவித்துப் பார்ப்பது

ஜப்பானிலிருந்து வந்து இங்கேயும் பரவிய முறை இது. ஒரு வகைத் துணி மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொட்டி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, மனசுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து வைப்பது. கணவரின் சட்டைகளை மட்டும் கட்டிலில் குவித்தோம். 43 இருந்தன. அதில் ஒன்பது, கல்யாண வீடுகளில் வேட்டியோடு சேர்த்து வைத்துக் கொடுத்த சந்தன நிறச் சட்டைகள், நான்கில் அட்டைகூட பிரிக்கவில்லை. "இவ்வளவா வெச்சிருக்கேன்?" என்று அவரே கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் 20 சட்டையைத் தனியே எடுத்து வைத்தார். தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாதவர்களுக்கு இது அருமையான வழி.

அதே முறையை மாமியாரிடம் கொண்டுபோனேன். ஒரு புடவையை எடுத்துக் கொடுத்து, "இதைப் பார்த்தா மனசுக்குச் சந்தோஷமா இருக்கா அத்தை?" என்று கேட்டேன். அவர் முந்தானையைத் தடவிக்கொண்டே, "சந்தோஷம் என்னம்மா, இது உன் நாத்தனார் மொத சம்பளத்துல எடுத்தது" என்றார். அடுத்தது அவருடைய தம்பி சீமந்தத்துக்கு எடுத்தது. அடுத்தது மாமனார் மயிலாடுதுறையில் வேலை பார்த்தபோது தீபாவளிக்கு வாங்கியது. அந்தப் பீரோவில் இருந்தவை புடவைகள் மட்டும் இல்லை. யார் எப்போது தன்னை நினைத்தார்கள் என்ற கணக்கை அவர் அங்கே மடித்து வைத்திருந்தார். 'பிடிக்கிறதா' என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. அன்றைக்கு ஒரு புடவையும் வெளியே வரவில்லை. நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இடத்துக்கு எல்லை வைப்பது

மகனிடம் இழந்த நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது இந்த வழி. ஒரு நீல நிற பிளாஸ்டிக் டப்பும், அலமாரியில் ஒரு தட்டும் அவனுக்கு. டப்புக்குள் எது இருக்கலாம், எது போகலாம் என்பது அவன் முடிவு. டப் மூட வேண்டும் என்பது மட்டும் என் முடிவு.

முதல் தடவை அவன் வைத்துக்கொண்டது மெரினாவில் பொறுக்கிய சிப்பிகள், உடைந்த கார், பேனா மூடிகள். வேண்டாம் என்று தள்ளியது, அவன் மாமா வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த பிளாக் செட். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் "அதைப் போய் குடுக்கிறியே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுபடி எல்லாம் தலையணை உறைக்குள் போயிருக்கும். பிளாக் செட் கீழ்வீட்டுக் குழந்தைக்குப் போனது. அவன் வாரம் இரண்டு தடவை அங்கே போய் விளையாடிவிட்டு வருகிறான், அது போதும்.

அந்த ஜேசிபி பனியனை வெந்நீரில் போட்டு அலசி, படத்தை மட்டும் சதுரமாக வெட்டி அவன் தலையணை உறையில் தைத்துக் கொடுத்தேன். மீதித் துணியை அவனே கொண்டுவந்து, "இதுல துடைச்சுக்கோம்மா" என்றான்.

ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். நேரம் கொஞ்சம் இழுக்கும். ஒரு டப்புக்கு ஒரு மணி நேரம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஆனால் மூன்றாவது தடவையிலிருந்து நான் பக்கத்தில் உட்காரவே வேண்டியிருக்கவில்லை.

ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்ற விதியையும் வைத்துப் பார்த்தோம். செருப்பு, தண்ணீர் பாட்டில், ஸ்கூல் பை ஆகியவற்றுக்குச் சரியாக நடக்கிறது. துணிக்கு நடக்கவில்லை. தீபாவளிக்குத் தாத்தா ஒன்று, சித்தி ஒன்று, நாங்கள் ஒன்று என்று ஒரே வாரத்தில் வந்து குவியும்போது, பண்டிகை நாளில் பிள்ளையை உட்கார வைத்து எதைக் கொடுக்கிறாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மகளுக்குத் தட்டும் பணமும்

13 வயதுக்கு டப் போதாது. அவளுக்கு அலமாரியில் இரண்டு தட்டு, வருடத்துக்கு இவ்வளவு என்று துணிக்கான பணம். எதை எடுப்பது என்று மட்டுமில்லை, எதைக் கொடுப்பது என்றும் அவள்தான் முடிவு செய்வாள். கொடுக்கிற பையை அவளே கட்டி வைப்பாள், நான் பிரித்துப் பார்ப்பதில்லை. தன் பணம் என்று ஆனதும் இரண்டு மாற்றம் தெரிந்தது. ஒரு தடவை போட்டுவிட்டு வைக்கிற குர்தி வாங்குவது நின்றது. தோழிகளுக்குள் மாற்றிக்கொள்வது தொடங்கியது. யூனிஃபார்ம் விஷயத்தையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். பள்ளிச் சின்னம் போட்ட சட்டை வேறு யாருக்கும் பயன்படாது, அதே பள்ளியில் கீழ் வகுப்புப் பிள்ளைக்குத்தான் ஆகும். வருடக் கடைசியில் வேனில் வருகிற ஒரு சின்னப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டுக் கொடுத்துவிடுகிறாள்.

இந்த வழியில் கஷ்டப்பட்டது நான்தான். அவளுடைய ஐந்து வயதுப் பட்டுப்பாவாடை, மாம்பழ நிறம், கரும்பச்சைக் கரை. வளர வளரப் பிரித்துவிடலாம் என்று தையல்காரர் கீழே மூன்று டக் பிடித்துத் தைத்திருந்தார். இரண்டைப் பிரித்தோம், மூன்றாவதைப் பிரிப்பதற்குள் இடுப்பு பத்தவில்லை. அதைக் கொடுத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். என்னால் முடியவில்லை. "சரி, உனக்கு வேணும்னா உன் பீரோல வெச்சுக்கோம்மா, என் தட்டுல வேண்டாம்" என்றாள். அது நியாயமான பேச்சு. பாவாடை இப்போது என் பீரோவில், என் இடத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் அலமாரியில் நம் நினைவுகளைச் சேர்த்து வைத்துவிட்டு, இடமில்லை என்று அவர்களைக் கோபித்துக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது.

தேதி எழுதிய பெட்டி

சட்டைகளை விட்ட கணவர், ஒயர்களை விடவில்லை. பழைய சார்ஜர், மோடம், போன் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் "எப்பவாவது உதவும்". அதற்கு அட்டைப்பெட்டி வழிதான் சரியாக வந்தது. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே தேதியை எழுதி வைத்தோம். தேவைப்பட்டால் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் பிரிக்காமல் இருந்தால் அப்படியே போகும். ஆறு மாதத்தில் ஒரே ஒரு ஒயருக்காக ஒரு தடவை பிரித்தார். மீதியை மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் அவரே கொடுத்துவிட்டு வந்தார். சாதாரணக் குப்பையில் இதைச் சேர்க்கக் கூடாது.

பத்திரம், பட்டா, மருத்துவ ரிப்போர்ட், மாமனாரின் ஓய்வூதியக் காகிதம் ஆகியவற்றை இந்தப் பெட்டியில் போட வேண்டாம். அவற்றுக்குத் தனி ஃபைல் போடுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் அவையும் பெட்டியோடு சேர்ந்து போய்விடும்.

வாங்குகிறவரை முதலில் தேடுவது

மாமியாரின் பீரோவில் கட்டிய கயிறு எந்த முறையிலும் அவிழவில்லை. அது அவிழ்ந்தது நாத்தனார் மகளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டோம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல்துணிதான் முதலில். தூளி கட்டப் பழைய நூல்புடவை வேண்டும், கீழே விரிக்க வேட்டித் துணி வேண்டும். ஊரிலிருந்து போனில் பேசும்போது நாத்தனார், "எங்ககிட்ட எல்லாம் சிந்தடிக்தான் இருக்கு, அம்மாகிட்ட இருக்குமா?" என்று கேட்டார்.

அத்தை அன்று மத்தியானமே பீரோவைத் திறந்தார். யாரும் எதையும் கேட்கவில்லை. பதினொரு நூல்புடவை, மாமனாரின் மூன்று வேட்டி, அவர் கையாலேயே வெளியே வந்தன. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, வேட்டியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் சர்ரென்று கிழித்தார். கரையைத் தனியாக எடுத்துவிட்டார், குழந்தைக்கு உறுத்தும் என்று. சதுரம் சதுரமாகக் கிழித்ததை வெந்நீரில் அலசி, நீலம் போடாமல், மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காய வைத்தார். முதல் சம்பளத்தில் நாத்தனார் எடுத்த அந்தப் புடவையும் அதில் இருந்தது. "அவ எடுத்தது, அவ பேரனுக்கே போகட்டும்" என்றார், பேரனா பேத்தியா என்று தெரிவதற்கு முன்பே.

அப்போதுதான் எனக்கு வழி பிடிபட்டது. நான் இதுவரை பொருளைக் காட்டி 'இது வேண்டுமா' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பையில் போடு என்றால் யாருக்கும் மனசு வராது. இன்னாருக்கு என்று ஒரு முகம் தெரிந்தால் கை தானாக விடுகிறது. அதன் பிறகு பெரியவர்களிடம் ஒழிக்கலாம் என்று பேச்செடுப்பதே இல்லை. யாருக்கு என்ன தேவை என்று தெரிந்துகொண்டு வந்து சொல்வதோடு சரி. வேலைக்கு வருகிற அக்காவின் மகள் கல்லூரியில் சேர்ந்தாள், நான்கு பருத்திப் புடவை வேண்டுமாம் என்றேன், ஆறு வந்தது. வெற்றிலை பாக்கோடு வந்து வந்து சேர்ந்த ரவிக்கைத் துணிகளை, தையல் படிக்கிற பெண் கைப்பழக்கத்துக்குக் கேட்கிறாள் என்றேன், ஒரு பை நிறையக் கொடுத்தார். ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள், செவ்வாயும் வெள்ளியும் பொருளை வெளியே கொடுக்கப் பெரியவர்களுக்கு மனம் வராது. அதற்கு வாதம் செய்யாமல் புதன்கிழமை கேட்டால் போயிற்று.

இந்த வழியின் குறை, இதற்குக் கெடு கிடையாது. அத்தையின் பீரோ சரியாக ஒன்றரை வருடம் ஆனது. அவசரம் என்றால் இது உதவாது.

பட்டுப் புடவையில் மட்டும் நிதானம் வேண்டும். தெருவில் பழைய பட்டுப் புடவை கேட்டு வருகிறவரிடம் பாத்திரத்துக்கோ பக்கெட்டுக்கோ கொடுத்துவிடாதீர்கள். அசல் ஜரிகை என்பது வெள்ளிக்கம்பியில் தங்க முலாம் பூசியது. ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அப்படித் தெரிந்தால் இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். வைத்துக்கொள்கிற பட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிந்த இடத்திலேயே இற்றுப்போகும்.

தெரிந்த ஆளே இல்லாமல் அமைப்புகளுக்குக் கொடுப்பதானாலும் அந்த முகத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாக வந்த பழைய துணி, உடுத்த முடியாமல் சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. கிழிந்ததும், அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தாத வகையும் அதில் இருந்தன. உதவி என்று அனுப்பியது அங்கே குப்பையாக நின்றது. பட்டன், ஜிப் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, துவைத்து, மடித்து, ஆண் பெண் குழந்தை என்று தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பதே மரியாதை. 1999-ல் தொடங்கிய கூஞ்ச் போன்ற அமைப்புகள், கிராமத்தில் ஊருக்குப் பொதுவான வேலை செய்பவர்களுக்கு ஈடாகத் துணியைக் கொடுக்கின்றன. திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய அன்புச் சுவர் போல, வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்கிற இடங்களும் உண்டு. கந்தலான நூல்துணி வீட்டிலேயே கரித்துணியாகட்டும், அல்லது பக்கத்து மெக்கானிக் கடைக்குப் போகட்டும். பாலியஸ்டர் தண்ணீரை நன்றாக உறிஞ்சாது, துடைக்க நூல்துணி அளவுக்கு உதவாது.

பத்து நாளில் வீடு மாற வேண்டும் என்றால் எல்லோரும் உட்கார்ந்து ஒரே நாளில் முடித்துவிடுங்கள். அவசரம் இல்லை என்றால் சின்னப் பிள்ளையின் டப்பிலிருந்து தொடங்குங்கள், பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒயர் ஆசாமிக்குத் தேதிப் பெட்டி, எண்ணிக்கை தெரியாதவருக்குக் குவியல். மாமியார், அம்மா, பாட்டி என்றால் முதலில் போன் போட்டு யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரியுங்கள்.

எங்கள் லாஃப்டில் இன்னும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அத்தையின் கூறைப் புடவையும் மாமனாரின் இரண்டு கதர்ச் சட்டையும் அதற்குள். சாவி அத்தையின் இடுப்பில். போன போகிக்கு அதைக் கீழே இறக்கி, வெளியே மட்டும் துடைத்து, அதே இடத்தில் வைத்தோம்.